கிரியும் கொராவும்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை எல்லாக் கேள்வியும் ஒரே வார்த்தைய சுத்தித்தான். முதல் லெட்டரைப் படிச்சதும் வேற எதையும் எழுதத் தோணல, அதனால அதோட ஒட்டி வர்ற கேள்விகளை மட்டும் எடுத்து வெச்சுக்கிட்டேன்.

கேள்வி: சார், என் பையன் ரஷ்யால மெடிக்கல் படிக்கிறான். அங்க மலைக்கு 'கரா'னு சொல்றாங்கம்மா, நம்ம ஊரு கிரிவலத்துல வர்ற கிரி மாதிரியே இருக்குன்னு போன்ல சொன்னான். நிஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல சும்மா காதுக்கு அப்படிக் கேக்குதா?
– ஒரு அம்மா, திருவண்ணாமலை

இருக்கும்மா, நல்லாவே இருக்கு. உங்க பையன் காது கூர்மையான காது, அவன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

ரஷ்யன், உக்ரைனியன், போலிஷ், செக், ஸ்லோவாக், செர்பியன், ஸ்லோவேனியன், பல்கேரியன் எல்லாம் ஸ்லாவ மொழிகள், ஒரு வயித்துப் பிள்ளைங்க. இதுங்களுக்கெல்லாம் தாயா ஒரு மொழி சுமார் 1500 வருஷத்துக்கு முன்னாடி கிழக்கு ஐரோப்பாவுல பேசினாங்க, அதுக்கு ஆதி ஸ்லாவம்னு பேரு. அதுல மலைக்கு 'கொரா'. அந்தக் க-வ 'தங்கம்'ல வர்ற க மாதிரி அழுத்திச் சொல்லணும். அதுதான் இன்னைக்கு ரஷ்யன்ல கரா, செர்பியன்ல கொரா, போலிஷ்ல குரா, செக்லயும் உக்ரைனியன்லயும் க போய் ஹ வந்து ஹொரா.

இந்த ஆதி ஸ்லாவத்துக்கும் மேல ஒரு பாட்டி மொழி இருக்கு, இந்தோ-ஐரோப்பிய மூல மொழி. அவங்களோட இன்னொரு கிளைதான் சமஸ்கிருதம், அதுல மலை 'கிரி'. ஈரான் பக்கம் பழைய அவெஸ்தா மொழில 'கைரி'. தமிழுக்கு மலை, குன்று, வரை, பொருப்புன்னு சொந்த வார்த்தையே நிறைய இருக்கு, கிரி நாம சமஸ்கிருதத்துலேருந்து எடுத்துக்கிட்டது, நீலகிரி, கிருஷ்ணகிரின்னு ஊர்ப் பேர்ல உக்காந்துடுச்சு. கிரிவலம்ங்கிற வார்த்தையப் பாருங்க, பாதி சமஸ்கிருதம், பாதி தமிழ். அந்த முதல் பாதியும் உங்க பையன் இருக்கிற ஊர்ல சொல்ற கராவும் ஒரே வேர்.

சரி, கேட்டா ஒரே மாதிரி இருக்குங்கிறது மட்டும் போதாது, அத வெச்சு யாரு வேணா எதை வேணா எதோட வேணா ஒட்டிடலாம். ஒலி ஒரு ஒழுங்கோட மாறியிருக்கான்னு பாக்கணும். அந்தப் பாட்டி மொழில இந்த வார்த்தையோட முதல் எழுத்து வெறும் க இல்ல, உதட்டைக் குவிச்சு சொல்ற 'க்வ' மாதிரி ஒரு ஒலி. அது சமஸ்கிருதத்துலயும் ஸ்லாவத்துலயும் உதட்டுக் குவிப்பு போயி வெறும் க ஆயிடும். இதுக்கு சாட்சி மாடு. சமஸ்கிருதத்துல மாடு 'கோ', ஸ்லாவத்துல கால்நடைக்கு 'கொவேந்தோ', ரெண்டும் அதே 'க்வ'லேருந்து வந்தது, இங்கிலீஷ்காரன் 'கௌ'ன்னு சொல்றதும் அதேதான். மாட்டுல என்ன நடந்துச்சோ அதேதான் மலைலயும் நடந்திருக்கு.

அப்ப கிரில இகரம், கொரால ஒகரம், அது ஏன்னு கேப்பீங்க. ஒரே வேர் உயிரெழுத்து மாறி வர்றது அந்தக் குடும்பத்துக்கு வழக்கம். நம்மகிட்டயே கெடு-கேடு, சுடு-சூடு, படு-பாடு இருக்கே, ஸ்கூல்ல முதனிலை திரிந்த தொழிற்பெயர்னு படிச்சிருப்பீங்க, அந்த மாதிரி ஒரு சங்கதின்னு வெச்சுக்கோங்க. நம்மளுது குறில் நெடிலாகிற கதை, அவங்களுது உயிரே மாறுற கதை, விவரம் வேற, ஆனா வேருக்குள்ள உயிர் அசையும்ங்கிற எண்ணம் நமக்குப் புதுசு இல்ல.

கேள்வி: எழுத்தே இல்லாத ஒரு மொழில ஒரு வார்த்தை இப்படித்தான் இருந்துச்சுன்னு எப்படி சொல்ல முடியும்? புக்ல அந்த வார்த்தைக்கு முன்னாடி ஒரு நட்சத்திரம் வேற போடுறாங்க, அது எதுக்கு?
– கல்லூரி மாணவர், கோவை

நட்சத்திரம் போட்டா 'இத நாங்க எந்த ஏட்டுலயும் பாக்கல, கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சோம்'னு அர்த்தம் தம்பி. இந்தப் பழக்கத்தைப் பரப்பினவர் ஆகஸ்ட் ஷ்லைஹர்னு ஒரு ஜெர்மன் அறிஞர். அவர் 1868ல அந்த மூல மொழிலயே ஒரு குட்டிக் கதை எழுதிப் பாத்தார், ஒரு ஆடும் சில குதிரைங்களும் பேசிக்கிற கதை. 1939ல வெளிவந்த ஒரு புக்ல ஹெர்மன் ஹிர்ட்ங்கிறவர் அதே கதைய திருத்தி எழுதினதப் பாத்தா பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல அவ்வளவு வித்தியாசம், ஏன்னா அந்த 70 வருஷத்துல ஒலி பத்தின அறிவு அந்த அளவுக்கு வளர்ந்துடுச்சு. அதனால நட்சத்திரம் போட்ட வார்த்தை திருத்தத்துக்கு உட்பட்டதுதான், அத யாரும் மறைக்கிறது இல்ல.

ஆனா கொரா விஷயத்துல தரை உறுதியா இருக்கு. 863ல சிரில், மெத்தோடியஸ்னு ரெண்டு கிறிஸ்தவ மதபோதகர்கள், அண்ணன் தம்பி, இன்னைக்கு செக் நாடு இருக்கிற பக்கம் மொராவியாவுக்குப் போயி ஸ்லாவ மொழில பைபிளை மொழிபெயர்க்க ஆரம்பிச்சாங்க, அதுக்குன்னே ஒரு எழுத்தும் உண்டாக்கினாங்க. அந்தப் பழைய சர்ச் ஸ்லாவம் ஆதி ஸ்லாவத்துக்கு ரொம்பக் கிட்ட நிக்கிற மொழி. மலைப் பிரசங்கம் ஆரம்பிக்கிற இடத்துல இயேசு மலை மேல ஏறினார்னு வருமே, அங்க இந்த வார்த்தை அப்படியே உக்காந்திருக்கு. அப்ப நாம ஊகிக்க வேண்டியது சில நூறு வருஷத்து இடைவெளி மட்டும்தான்.

அந்த இடைவெளிக்கும் ஒரு அழகான சாட்சி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்லாவத்துல இருக்கிற குறில் ஒ அதுக்கு முந்தின காலத்துல அ-வா இருந்துச்சுன்னு அறிஞர்கள் சொல்றாங்க, அதாவது கொராவுக்கு முன்னாடி 'கரா'. இத எப்படி நம்புறது? பக்கத்துல இருந்த பின்னிஷ்காரங்க ரொம்ப சீக்கிரமே ஸ்லாவங்ககிட்டேருந்து சில வார்த்தை கடன் வாங்கினாங்க, பின்னிஷ் ஸ்லாவக் குடும்பமே இல்ல, முழுசா வேற. ஜன்னலுக்கு ஸ்லாவத்துல 'ஒக்னோ', பின்னிஷ்ல 'அக்குனா'. வாங்கினவன் வாங்கின நாள்ல கேட்ட அ-வ பத்திரமா வெச்சிருக்கான், கொடுத்தவன் வீட்ல அது ஒ ஆயிடுச்சு. நம்ம பாட்டி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த பித்தளைச் சொம்பு அங்க அப்படியே இருக்கிற மாதிரி.

ஒரு எச்சரிக்கை. இன்னைக்கு ரஷ்யன்ல 'கரா'னு கேக்குதே, அதான் அந்தப் பழைய அ-ன்னு நினைச்சுடாதீங்க. அது ரொம்பப் பின்னாடி ரஷ்யன்ல தனியா நடந்த மாற்றம், ஒரு சொல்லுல ஒரு அசைய மட்டும் ஓங்கிச் சொல்வாங்க, அதுக்குத்தான் அழுத்தம்னு பேரு, அழுத்தம் விழாத ஒகரம் எல்லாம் அங்க அகரமா ஒலிக்கும். சுத்தி வந்து அதே இடத்துல நிக்குது, அவ்வளவுதான்.

கேள்வி: நான் ரிட்டயர்ட் தமிழாசிரியை. நமக்கு எட்டு வேற்றுமை மாதிரி அந்த மொழில மலைங்கிற சொல் எப்படி உருபு ஏத்துக்கும்? கொஞ்சம் விரிவாவே சொல்லுங்க, இடம் போதலைனா அடுத்த இதழ்ல தொடருங்க.
– வாசகி, தஞ்சாவூர்

இடம் போதும் டீச்சர், இந்தக் கேள்விக்காகத்தான் மத்த பதிலைக் குறைச்சிருக்கேன்.

ஆதி ஸ்லாவத்துல வேற்றுமை ஏழு. சமஸ்கிருதத்துல எட்டு, அதுல 'இடத்திலிருந்து' நீங்குறதுக்கு உள்ள ஐந்தாம் வேற்றுமை ஸ்லாவத்துல ஒருமைல தனி வடிவத்தை இழந்து ஆறாம் வேற்றுமையோட கலந்துடுச்சு. நம்ம தமிழ்ல மலை-ஐ, மலை-க்குன்னு சொல்லையும் உருபையும் கோடு போட்டுப் பிரிச்சுடலாம். ஸ்லாவத்துல அப்படிப் பிரிக்க முடியாது, கடைசி ஆ-வே கரைஞ்சு உருபோட ஒண்ணாயிடும், அதனால ஒவ்வொரு வடிவத்தையும் முழுசாத்தான் சொல்லணும்.

எழுவாய் கொரா. மலையை-ங்கிறதுக்கு 'கொரோ', கடைசி ஓ-வ மூக்கால சொல்லணும். மலையோட-ங்கிறதுக்கு 'கொரி', அந்தக் கடைசி உயிர் இ-க்கும் உ-க்கும் நடுவுல நிக்கிற ஒலி. மலைக்கு-ன்னாலும் 'கொரே', மலைல-ன்னாலும் 'கொரே', ரெண்டுக்கும் ஒரே வடிவம். மலையால, மலையோட சேர்ந்து-ன்னா 'கொரொயோ', இதுலயும் கடைசி மூக்கொலி. விளி 'கொரொ', மலையேன்னு கூப்பிடுறது, இது உக்ரைனியன், போலிஷ், செக்ல எல்லாம் இன்னும் உயிரோட இருக்கு, ரஷ்யன்ல விளி வேற்றுமை வழக்கொழிஞ்சு போச்சு.

இப்ப அந்த ரெண்டாம் வேற்றுமை மூக்கொலியப் பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. சமஸ்கிருதத்துல சீதாவுக்கு ரெண்டாம் வேற்றுமை 'சீதாம்'. அந்த ஆம்-தான் ஸ்லாவத்துல மூக்கோசை ஓ ஆச்சு, மகரம் தனியா நிக்காம உயிருக்குள்ள கரைஞ்சு போயி மூக்குல மட்டும் மிச்சம் இருக்கு. போலிஷ்காரங்க இன்னைக்கும் எழுத்துல அத வால் போட்ட எழுத்தா எழுதுறாங்க. ரஷ்யன்ல மூக்கொலி மறைஞ்சு 'கோரு'ன்னு வெறும் உகரமா நிக்குது.

அடுத்தது இருமை. தமிழ்ல ஒருமை பன்மை ரெண்டுதான், சமஸ்கிருதம் மாதிரியே ஆதி ஸ்லாவத்துல 'ரெண்டு மலை'க்குன்னு தனி வடிவம் இருந்துச்சு, அதுவும் 'கொரே'. சமஸ்கிருதத்துல ஆ-ல முடியுற மாலா இருமைல 'மாலே' ஆகும் இல்லையா, அந்த ஏ-வும் இந்த ஏ-வும் ஒண்ணுதான். பெரும்பாலான ஸ்லாவ மொழில இருமை அழிஞ்சு போச்சு, ஸ்லோவேனியாவுலயும் ஜெர்மனிக்குள்ள இருக்கிற சோர்பியன் மக்கள்கிட்டயும் மட்டும் ஒழுங்கா வாழுது. ஸ்லோவேனியால ரெண்டு மலையக் காட்டி 'த்வே கொரி'ம்பாங்க, மூணாயிட்டா வடிவம் மாறிடும்.

பன்மைல மலைகள் 'கொரி', மலைகளுக்கு 'கொராமு', மலைகளால 'கொராமி', மலைகள்ல 'கொராஹு'. இந்தக் கடைசி ஹு சமஸ்கிருதத்து 'மாலாசு'ல வர்ற சு-தான். ஸ்லாவத்துல இ, உ மாதிரி சில ஒலிக்குப் பின்னாடி வந்த ஸ எல்லாம் ஹ ஆச்சு, ஆ-வுக்குப் பின்னாடி ஆகக்கூடாதுதான், ஆனா மத்த பெயர்ச்சொல்லப் பாத்து இதுவும் ஹு போட்டுக்கிச்சு. மொழில இப்படி நடக்கும், பெரும்பான்மை எப்படிப் போகுதோ அப்படியே மத்ததும் போகும்.

மலைகளோட-ங்கிறதுக்கு வர்ற வடிவம்தான் என் மனசுக்கு ரொம்ப நெருக்கம். 'கொரு'. அந்தக் கடைசி உகரம் முழு உகரம் இல்ல டீச்சர், வாய திறந்தும் திறக்காம சொல்ற ஒரு துளி ஒலி. நீங்க பிள்ளைங்களுக்கு குற்றியலுகரம் சொல்லிக் கொடுத்திருப்பீங்க, காது, பட்டு, ஆறு, அரை மாத்திரைன்னு. அதே ஜாடைல ஒரு குட்டி உகரமும் ஒரு குட்டி இகரமும் ஸ்லாவத்துல இருந்துச்சு. நம்ம குற்றியலுகரம் அடுத்து உயிர் வந்தா ஓடிடும், காது இல்லை காதில்லை ஆயிடும். அவங்களுது சொல்லோட கடைசில எல்லா இடத்துலயும் ஓடிடுச்சு, அதனால இன்னைக்கு ரஷ்யன்ல மலைகளோட-ன்னா வெறும் 'கோர்', போலிஷ்ல 'குர்'. உருபே இல்லாம மொட்டையா நிக்கிற அந்தச் சொல்ல பாக்கிறப்பல்லாம் அங்க ஒரு அரை மாத்திரை இருந்து போன இடம் எனக்குத் தெரியும்.

ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லிடுறேன், கிரி இகரத்துல முடியுற சொல், கொரா ஆகாரத்துல முடியுற சொல். வேர் ஒண்ணு, ஆனா உருபு ஏத்துக்கிற வகுப்பு வேற. அதனாலதான் உருபு ஒப்பிடுறப்ப கிரிய விட்டுட்டு சீதா, மாலான்னு போனேன்.

கேள்வி: என் டீம்ல பல்கேரியாக்காரர் ஒருத்தர் இருக்கார். கொரான்னா மலையான்னு கேட்டேன், இல்லவே இல்ல, காடுன்னு சொல்றார். யார் சொல்றது சரி?
– ஐடி ஊழியர், சென்னை

அவர் சொல்றது அவர் மொழில நூத்துக்கு நூறு சரி. பல்கேரியன்ல கொரா காடுதான், மலைக்கு 'பிளானினா'. செர்பியன்ல ரெண்டு அர்த்தமும் உண்டு, ஸ்லோவாக்லயும் 'ஹொரா' காட்டையும் குறிக்கும் மலையையும் குறிக்கும். ஸ்லாவத்துக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் லிதுவேனியன், அங்க இதே வேர்லேருந்து வந்த 'கிரியா'ன்னா பெரிய காடு.

லிதுவேனியா தட்டையான நாடு, அங்க இருக்கிறதுலயே உயரமான மேடு 300 மீட்டர் கூட இல்ல, அதனால மலைங்கிற அர்த்தம் தேஞ்சு போச்சுன்னு சொல்லத் தோணும். ஆனா பல்கேரியால முசாலா சிகரம் 2,925 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவ விட உயரம், அங்கயும் அர்த்தம் காட்டுக்குத்தான் போயிருக்கு. அப்ப நிலம் தட்டையா இருக்கிறது மட்டும் காரணமா இருக்க முடியாது. எனக்குப் படுறது இது: சமவெளில உழுது வாழுற மக்களுக்கு மலைன்னா விறகு, மரம், மேய்ச்சல், வேட்டை. சமவெளிக் காட்டையெல்லாம் வெட்டி வயலாக்கிட்டா மிச்சக் காடு மலைலதான் நிக்கும். தேனி பக்கம், கொல்லிமலை அடிவாரத்துல எல்லாம் 'மலைக்குப் போயிருக்காங்க'ன்னா சிகரம் ஏறப் போனாங்கன்னா அர்த்தம்? ஸ்பானிஷ்ல 'மொந்தே'ங்கிற சொல்லும் இதே மாதிரி மலையையும் புதர்க்காட்டையும் சேத்துக் குறிக்குது. குறிஞ்சி நிலம்னா மலையும் மலை சார்ந்த இடமும்னு படிச்ச நமக்கு இது புரியாத விஷயமே இல்ல.

உங்க பல்கேரிய நண்பர்கிட்ட இன்னொன்னும் கேட்டுப் பாருங்க, அவங்க மொழில இந்த ஏழு வேற்றுமையும் கிட்டத்தட்ட மொத்தமா போயிடுச்சு, விளி மட்டும் கொஞ்சம் மிச்சம். ஆனா 'மேல'ன்னு சொல்றதுக்கு 'கோரே'ன்னு ஒரு சொல் வெச்சிருப்பார். அது 'மலைல'ங்கிற பழைய ஏழாம் வேற்றுமை வடிவம்தான், வேற்றுமையே இல்லாத மொழில ஒரு வேற்றுமை வடிவம் தனியா பிழைச்சுக் கிடக்கு.

கேள்வி: மாண்டினீக்ரோ நாட்டுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு உண்டாமே? அப்புறம், அல்பேனியன்ல மலைக்கு 'மல்'னு பாத்தேன், அது தமிழ் மலைதானே?
– வாசகர், மதுரை

முதல் கேள்விக்கு ஆமா. அந்த நாட்டுக்காரங்க சொல்ற பேரு 'த்ஸ்ர்னா கொரா', கருப்பு மலை. மாண்டினீக்ரோங்கிறது அதோட மொழிபெயர்ப்பு, துருக்கில 'கராதா', அதுவும் கருப்பு மலைதான். தலைநகர் பொத்கொரித்ஸா, 'பொத்'னா கீழ, மலைக்குக் கீழ இருக்கிற ஊர், நம்ம அடிவாரம். 1946லேருந்து 1992 வரைக்கும் அந்த ஊரை அப்போதைய யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ பேர்ல டிட்டோகிராட்னு கூப்பிட்டாங்க, அப்புறம் பழைய பேரே திரும்பிடுச்சு. பல்கேரியால ஸ்தாரா ஸாகொரா, 'ஸா'ன்னா பின்னாடி. போலந்துல ஜியெலோனா குரா, பச்சை மலை. செக்ல குட்னா ஹொரா. 1620ல ப்ராக் பக்கத்துல நடந்த சண்டைக்குப் பேர் வந்த 'பீலா ஹொரா' வெள்ளை மலை.

ரெண்டாவது கேள்விக்கு இல்லைங்க. அல்பேனியன்காரங்க இதே நாட்டை 'மாலி இ ஸி'ன்னு சொல்லுவாங்க, கேட்டதும் நமக்குப் புல்லரிக்கத்தான் செய்யும். ஆனா ஒரு வார்த்தை ஒத்துப்போறதால சொந்தம் ஆகாது. கிரி-கொராவுக்குப் பின்னாடி மாடு வந்து சாட்சி சொன்னுச்சு, உருபெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. மலை-மல் விஷயத்துல அப்படி எதுவும் வரல. எனக்கும் தமிழ் மேல உயிர்தான், அதனாலயே ஆதாரம் இல்லாத பெருமைய அதுக்கு மாட்டிவிட மனசு வரல.

கேள்வி: கார்க்கி, கோர்பச்சோவ் பேருலயும் இந்த மலைதான் இருக்கா?
– வாசகர், திருநெல்வேலி

இல்ல. கார்க்கின்னா கசப்பு, அது அவர் வெச்சுக்கிட்ட புனைபெயர், எரியுறதுங்கிற வேர்லேருந்து வந்த சொல். ரஷ்யன்ல துக்கத்துக்குச் சொல்ற 'கோரெ'யும் அந்த எரியுற வேர்தான். கோர்பச்சோவ் பேருல இருக்கிறது கூன்.

கேள்வி: (திருவண்ணாமலை அம்மாவே கடைசில சேத்து எழுதினது) பையன் இன்னொன்னும் சொன்னான். மலை 'கரா'வாம், மலையை-ன்னா 'கோரு'வாம், ஒரே சொல் ஏன் இப்படி மாறி மாறி ஒலிக்குதுன்னு டீச்சர் சொல்லித் தரலையாம்.

இது அழுத்தத்தோட வேலைம்மா. சில ஸ்லாவச் சொல்லுல அழுத்தம் ஒரே இடத்துல நிக்கும், சிலதுல நகரும். இத நார்வேக்காரர் கிறிஸ்டியன் ஸ்டாங் 1957ல மூணு வகையா பிரிச்சுக் காட்டினார். கொரா மூணாவது வகை, நகருற வகை. எழுவாய்ல அழுத்தம் கடைசில, அதனால முன்னாடி இருக்கிற ஒகரம் அழுத்தம் இல்லாம அகரமா ஒலிச்சு 'கரா'. ரெண்டாம் வேற்றுமைல அழுத்தம் முதலுக்கு ஓடி வந்துடும், ஒகரம் தெளிவா கேக்கும், 'கோரு'. பன்மைலயும் 'கோரி'ன்னு முன்னாடி வந்துட்டு 'கராம்'னு மறுபடி பின்னாடி போயிடும்.

அதுலயும் ரெண்டாம் வேற்றுமைல முன்னாடி நிக்கிற அழுத்தம் ஆதி ஸ்லாவத்துல சொல்லுக்கே சொந்தமானது இல்ல, முன்னாடி வேற ஏதாவது சின்னச் சொல் வந்தா அதுமேல ஏறிக்கும். அந்த வழக்கம் ரஷ்யன்ல இன்னும் சில சொற்றொடர்ல பிழைச்சிருக்கு. 'மேல'ங்கிறதுக்கு 'நா', மலைமேல ஏறினான்னு சொல்றப்ப அழுத்தம் மொத்தமும் அந்த 'நா'வுல விழுந்து 'நா-கரு'ன்னு ஒரே மூச்சுல வரும். இப்ப பலபேர் 'ந கோரு'ன்னு புது மாதிரியும் சொல்றாங்க. உங்க பையன்கிட்ட சொல்லுங்க, அங்க வயசான யாராவது ஒரு பாட்டி மலை ஏறின கதை சொன்னா, அந்த 'நா'வ மட்டும் கவனமா கேக்கச் சொல்லுங்க.